ஞாயிற்றுக்கிழமை சைரன்

செல்வகுமாரிக்கு மறதி என்ற ஒன்றைக் கடவுள் வைக்கவே இல்லை. அபிஷேகப்பாக்கத்தில் பிறந்து, கரிக்கலாம்பாக்கத்தை ஒட்டிய ஓடைத் தெருவுக்கு வாழ வந்த புதிதில், நாத்தனார் வீட்டில் அவளுக்கு நசுங்கிய டம்ளரில் காபி கொடுத்துவிட்டார்கள். நடந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த நாத்தனார் இவள் வீட்டுப் படியேறும்போதெல்லாம் பரணிலிருந்து ஒரு நசுங்கிய டம்ளர் இறங்கும். காபியில் ஒரு குறையும் இருக்காது. சொந்த மாட்டுப் பால், சர்க்கரையும் கொஞ்சம் தூக்கல். டம்ளர் மட்டும் நசுங்கியது. "வுடுடி, அது எப்பவோ மறந்து போயிருக்கும்" என்பான் புருஷன் நடேசன். "அது மறந்திருக்கும். நான் மறக்கலியே" என்பாள்.

இப்படிப்பட்டவளைப் போய்த்தான் தணிகைவேல் பகைத்துக்கொண்டான்.

தணிகைவேல் மனை போட்டு விற்கிறவன். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் முதல் ஆளாக வந்து நிற்பான், எல்லாரையும் அண்ணன் அண்ணி என்று உருகுவான். ஓடைத் தெருவுக்கு எதிரே கரும்பு நின்ற நிலத்தைச் சமப்படுத்தி, வெள்ளைக் கல் நட்டு, முகப்பில் பெரிய ஆர்ச் கட்ட ஆரம்பித்தான். அந்த இடத்தில் ஓர் இடைஞ்சல் இருந்தது. தெருமுனையில் ஓர் இரும்புக் கம்பம், அதன் மேல் கையால் சுற்றுகிற சைரன், கீழே 'வெள்ள எச்சரிக்கை' என்று பலகை. சுனாமிக்குப் பிறகு யாரோ தொண்டு நிறுவனத்தார் கொடுத்துவிட்டுப் போனது. கரண்ட் வேண்டாம், கைப்பிடியைச் சுற்றினால் போதும், பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும். ஓடையில் தண்ணீர் ஏறினால் தெருமுனை வீட்டுப் பச்சையப்பன் அதைச் சுற்றுவான். தெருவே மாடு கன்றை அவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஏறிவிடும்.

மனை பார்க்க வருகிறவன் முதலில் வெள்ளப் பலகையைப் பார்த்தால் காலை உள்ளே வைப்பானா? தணிகைவேல் ஒரு மத்தியானத்தில் ஆள் விட்டுக் கம்பத்தோடு கழற்றிப் போட்டான். பச்சையப்பன் சண்டைக்குப் போனதற்கு, "இன்னாண்ணே, எந்தக் காலத்துல கீறீங்க? இப்பல்லாம் கவர்மெண்டே நேரா போனுக்கு அனுப்புது. சைலண்ட்ல போட்டாகூட அலறும். செத்தவனே எழுந்து உக்காருவான்" என்றான். அந்த மாதம் சோதனைக்காக ஓர் எச்சரிக்கை எல்லாப் போனிலும் வந்து அலறியிருந்தது. அதனால் தெருவும் சரி என்று விட்டுவிட்டது.

அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. புயலுக்கு முன்னாடியே கரண்ட் போனது. இந்தப் பக்கத்தில் அதற்கொரு வழக்கம் உண்டு. மெயின் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் நூருல் அமீனிடம் ஜெனரேட்டர் இருக்கிறது. ஊர் மொத்தமும் போனைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிடும். அவர் ஒவ்வொன்றிலும் பேரெழுதி ஒட்டி, அரிசி மூட்டைகளுக்கு மேலே பலகை போட்டு வரிசையாகச் சொருகி வைப்பார். அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. பொழுது சாய்ந்ததும், "காலையில வந்து வாங்கிக்கங்க" என்று ஷட்டரை இறக்கிவிட்டு வில்லியனூரில் இருக்கும் வீட்டுக்குப் போய்விட்டார்.

விடிவதற்குள் மேலே ஒரு ஏரிக்கரை உடைந்தது. எச்சரிக்கை வந்தது. பொய் சொல்லக் கூடாது, சரியான நேரத்துக்குத்தான் வந்தது. ஓடைத் தெருவின் அத்தனை போனும் ஒரே குரலில் அலறின, பூட்டிய கடைக்குள், அரிசி மூட்டைகளின் மேல். பெருச்சாளிகள் கேட்டிருக்கும்.

கயிற்றுக் கட்டிலில் முதுகு நனைந்து எழுந்த பச்சையப்பன் பழக்கதோஷத்தில் கம்பத்தைத் தேடி ஓடினான். அங்கே நான்கு போல்ட்டுதான் நீட்டிக்கொண்டு நின்றன. தெரு நெடுக கத்திக்கொண்டே ஓடினான். அந்த மழையில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. நடேசன் கண் விழித்தபோது தண்ணீர் தொடையளவு. செல்வகுமாரியை அடுத்த மாடி வீட்டுப் படியில் ஏற்றிவிட்டு மாட்டை அவிழ்க்கத் திரும்பினான். மாடு நீந்திக் கரையேறியது. அவன் தண்ணீர் வடிந்த பிறகு, மனைகளுக்கு அப்பால் இருந்த கரும்புக் கொல்லை ஓரத்தில் கிடைத்தான்.

எழவு வீட்டுக்குத் தணிகைவேல் ஆளுயர மாலையோடு வந்தான். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்ததும் அவன்தான். அதில் செத்தவன் படத்தைவிட வைத்தவன் படம் பெரியது. வந்தவன் சும்மா போயிருக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி பெருமூச்சு விட்டுச் சொன்னான்: "எல்லார் போனுக்கும் கரெக்டா மெசேஜ் போயிருக்கு. அண்ணன் கொஞ்சம் கவனமா இருந்திருந்தா இன்னைக்கு உசுரோட இருப்பாரு. இன்னா பண்றது, விதி."

செல்வகுமாரி அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பாடையில் கிடக்கிறவன் மேலேயே பழி. அதுவும் அவன் வீட்டு வாசலிலேயே.

அந்த வார்த்தைக்குக் கால் முளைத்துவிட்டது. பால் சொசைட்டியிலும் ரேஷன் கடையிலும், "பாவம் நடேசன், போனைப் பாக்காம போய்ச் சேந்தான்" என்று பேச ஆரம்பித்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் நேராகத் தணிகைவேலின் சைட் ஆபீசுக்குப் போனாள்.

"எனக்கு ஒண்ணும் தர வாணாம்பா. தெருவைக் கூட்டி ஒரு வார்த்தை சொல்லு. சைரனைக் கழட்டினது நான்தான், நடேசன் மேல தப்பு இல்லன்னு. அது போதும்."

"அண்ணி, கோவத்துல பேசறீங்க. நான் அப்படிச் சொன்னா கேஸாயிடும். மெசேஜ் வந்தது உண்மைதானே?"

"சொல்லமாட்ட?"

"போய் ரெஸ்ட் எடுங்க அண்ணி."

அவள் வாதாடவில்லை. ஆபீசுக்குப் பின்னால் சிமெண்ட் சாக்குகளுக்கு நடுவே சைரன் கிடப்பதை வரும்போதே பார்த்துவிட்டாள். மறுநாள் பட்டப்பகலில், நடேசனைத் தோளில் தூக்கிய அதே நான்கு பேரைக் கூட்டிப்போய் அதையும் தூக்கி வரச்செய்தாள். வாட்ச்மேன் ஒதுங்கி வழி விட்டான். ஆர்ச்சுக்கு நேர் எதிரே இருந்த அவள் வீட்டுத் தோட்டத்தில் கம்பம் எழுந்தது. பிறகு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்: "சார், சைரனைச் சுத்தாம வெச்சா துரு புடிக்குமாமே?"

"ஆமாம்மா. வாரத்துக்கு ஒரு வாட்டி எண்ணெய் விட்டு டெஸ்ட் பண்ணுங்க. கிழமையை நீங்களே வெச்சிக்கங்க."

அவள் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டாள்.

ஞாயிறுதான் தணிகைவேலுக்கு வியாபாரம். டவுனிலிருந்து வேனில் ஆட்களை ஏற்றிவந்து, பந்தல் போட்டு, பிரியாணி கொடுத்து மனை காட்டுவான். வேன் ஆர்ச்சுக்குள் நுழைந்து முதல் செருப்புக்கால் மண்ணில் படும்போது செல்வகுமாரி கைப்பிடியைப் பிடிப்பாள். முதலில் மாடு முனகுகிற மாதிரி ஆரம்பிக்கும். அப்புறம் ஏறி ஏறிப் பக்கத்து ஊர் வரைக்கும் போகும். பிரியாணித் தட்டோடு ஆட்கள் ஓடி வருவார்கள். அவள் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாக வேலியோரம் போய் நிற்பாள்.

"பயப்படாதீங்க, டெஸ்ட்டுதான். வெள்ளம் வந்தா ஊதற சைரன். மனை வாங்கினீங்கன்னா இந்தச் சத்தம் பழகிடும். போன தடவை இந்த ஆர்ச்சுல எழுத்துக்குக் கீழ வரிக்கும் தண்ணி. என் வூட்டுக்காரரு இதுலதான் போனாரு. நல்ல எடம், காத்து நல்லா வரும்."

ஒரு வார்த்தை பொய் கிடையாது. அந்த வேன் ஒரு மனையும் விற்காமல் திரும்பும். அவளுக்கு அன்றைக்கெல்லாம் சோறு ருசியாக இருக்கும். இதில் அவளுக்கு வெட்கமே இல்லை.

போலீஸ் வந்து பார்த்தது. கொம்யூன் சொல்லித்தான் செய்கிறேன் என்றாள். நூருல் அமீன்கூட ஒருநாள் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அக்கா, போன்லாம் என் கடையில இருந்துச்சி. எனக்கே தூக்கம் வர்றதில்ல. இதை இத்தோட வுட்டுடலாமே?"

"உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல பாய். நீங்க வந்து அழுதீங்க. அவன் வந்து பேசினான்."

அப்புறம் அவள் பேச்சில் ஒரு வரி கூடியது. "நல்ல எடம்னு அவரு சொல்றாரே, அவரு குடியிருப்பாரான்னு கேட்டுப் பாருங்க." வந்தவர்கள் கேட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார்கள். தணிகைவேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. மாதிரி வீடு ஒன்றைக் கட்டி, வேண்டாம் வேண்டாம் என்ற மனைவி சுகன்யாவையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் அழைத்துவந்து பால் காய்ச்சினான். செல்வகுமாரி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். வா மவனே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த கார்த்திகையில் மழை பிடித்தது. இந்த முறை கரண்ட் போகவில்லை, போன்களும் அவரவர் கையில்தான் இருந்தன. ஆனால் இடிக்கு ஒன்று, மின்னலுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று என்று வாரம் முழுக்க எச்சரிக்கை வந்து குவிந்து, ஜனங்கள் ஈ ஓட்டுகிற மாதிரி தள்ளிவிடப் பழகிவிட்டார்கள். ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த வேளையில், போன்கள் மறுபடி அலறின. பாதிப் பேர் போனின் வாயை அடைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தார்கள்.

செல்வகுமாரி மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தவள் ஓடையை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு கரையைத் தொட்டிருந்தது. ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்த கை நின்றது. எதிரே மாதிரி வீட்டின் கதவு சாத்தியிருந்தது. தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டி எழுப்பிவிடலாம், நேரம் இருக்கிறது. அந்த ஒரு கதவை மட்டும் விட்டுவிடலாம். கேட்டால், போனுக்கு மெசேஜ் வந்திருக்குமே என்று சொல்லலாம். அந்த நினைப்பு அவளுக்கு இனிக்கத்தான் செய்தது.

பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதையும் நினைத்தாள். ஆனால் அவள் கையை அசைத்தது அதுகூட இல்லை. செத்தவன் எப்படி வாயைத் திறந்து சொல்வான்? தணிகைவேல் செத்துப்போனால் அந்த வார்த்தையும் அவனோடு போய்விடும். அவன் உயிரோடு வேண்டும். நடேசன் பேரை அவன் வாயாலேயே கழுவ வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல ஆகும்வரை சுற்றினாள். பச்சையப்பன் வந்து கையை மாற்றியதும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். கடைசியாகப் பச்சையப்பனும் ஓடி வந்தான்.

பள்ளிக்கூடத்தில் தெரு மொத்தமும் கூடியிருந்தது. ஒரு உயிர் குறையவில்லை. அண்டாவில் கஞ்சி கொதித்தது. வாசலில் தணிகைவேல் வந்து நின்றான், இடுப்புவரை சேறு, தோளில் சின்னப் பெண். பின்னால் சுகன்யா பெரியவளைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். செல்வகுமாரி எழுந்து போய் இரண்டு பிள்ளைகளையும் வாங்கி, துண்டு போர்த்தி, கஞ்சிக்கு உட்கார வைத்தாள். பிறகு திரும்பி வந்து சுகன்யாவிடம் கேட்டாள்.

"மெசேஜ் பாத்து வந்தீங்களா, சைரன் கேட்டு வந்தீங்களா?"

சுகன்யா புருஷனைப் பார்க்கவில்லை. "மெசேஜை இவரு தள்ளிவுட்டுட்டு தூங்கிட்டாருக்கா. சைரன் கேட்டுதான் வந்தோம்."

கஞ்சி கிண்டியவள்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டாள். தணிகைவேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனிடமிருந்து சொட்டிய தண்ணீர் காலடியில் தேங்கியது. உதட்டுக்குள் முணுமுணுத்தான்.

"சைரனைக் கழட்டினது நான்தான். நடேசன் அண்ணன் மேல தப்பு இல்ல."

"கேக்கல" என்றாள் செல்வகுமாரி.

கொஞ்சம் உரக்கச் சொன்னான்.

"கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கறவங்களுக்குக் கேக்கலபா."

அவன் நிமிர்ந்து, தொண்டை கிழியக் கத்திச் சொன்னான். குரல் ஓட்டுக்கூரையில் பட்டுத் திரும்பியது. சின்னப் பெண் பயந்து அழுதது. சுகன்யா முகத்தை மூடிக்கொண்டாள். போதும் விடு என்கிற மாதிரி பச்சையப்பன் கையைக் காட்டினான்.

செல்வகுமாரி பச்சையப்பனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள்.