பூட்டின கதவைப் படம் எடுங்கோ

அரசாங்கத்தை ஒருவர் வாய்விட்டுத் திட்டுவதை நான் முதன்முதலாகக் கேட்டபோது, அப்பா எழுந்துபோய்ச் சமையலறை ஜன்னலைச் சாத்தினார். திட்டியவர் பக்கத்து வீட்டு அன்ரி. கிழக்கு லண்டனில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகளின் வரிசையில், அவருக்கும் எங்களுக்கும் நடுவே பின்வளவில் ஒரு மரவேலி மட்டுமே இருந்தது. அவர் இங்கேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலேயப் பெண். வீட்டுக்கு வரும் பெண்களையெல்லாம் நான் அன்ரி என்று கூப்பிடுவதைக் கேட்டு, தன்னையும் அப்படியே கூப்பிடச் சொன்னவர். ஈர உடுப்புகளைக் கொடியில் போட்டபடியே, குப்பை எடுக்க வராத லொறியில் தொடங்குவார். டாக்டரிடம் நேரம் கேட்டுப் போனில் காத்துக்கிடந்த கதைக்கு வருவார். பிறகு பிரதம மந்திரியிடம் போய் முடிப்பார். முடித்ததும், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். பத்து வயதான எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அப்பாவுக்கு அப்படி இருக்கவில்லை.

“இந்த மனிசி ஒரு நாளைக்குத் தானும் மாட்டுப்பட்டு எங்களையும் மாட்டிவிடப் போகுது” என்பார்.

அப்பாவின் பயத்துக்குப் பின்னால் என் பெரியப்பா இருந்தார். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்றபோது பெரியப்பா ஆட்சியிலிருந்தவர்களைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார். என்ன சொன்னார் என்பதுகூட இன்று யாருக்கும் சரியாக நினைவில்லை. அன்று பின்னேரமே ஜீப் வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனது. பல மாதங்கள் கழித்துத் திரும்பி வந்த பெரியப்பா, அதற்குப் பிறகு யாரோடும் பெரிதாகப் பேசவில்லை. அப்பா ஜெர்மனிக்குப் போனார், அங்கிருந்து லண்டனுக்கு வந்தார், இந்த நாட்டுப் பாஸ்போட்டும் எடுத்தார். ஆனாலும் எங்கள் வீட்டில் அரசாங்கம் என்ற சொல்லே, பக்கத்து அறையில் நோயாளி படுத்திருப்பதுபோல, குரலைத் தாழ்த்தித்தான் சொல்லப்பட்டது.

அன்ரியின் கணவர், நாங்கள் அங்கிள் என்று அழைத்தவர், பாதாள ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். நான் பல்கலைக்கழகத்துக்குப் போன காலத்தில் அவருக்கு நினைவு மங்கத் தொடங்கியது. கிழமையில் சில நாட்கள் ஒரு வான் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் பகுதி உள்ளூராட்சிக் கவுன்சில் நடத்திய டே சென்ரர் ஒன்று சந்திக்கு அப்பால் இருந்தது. நினைவு தப்பியவர்கள் பகலில் அங்கே கூடிப் பாடி, விளையாடி, சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அங்கிள் மாலையில் ஏதாவது ஒரு மெட்டை முனகிக்கொண்டு இறங்குவார். அந்த நாட்களில்தான் அன்ரி நிம்மதியாகக் கொஞ்சம் கண்ணயர்வார், தலைமுடி வெட்டிக்கொள்வார்.

அந்த இடத்தை மூடப்போவதாகக் கவுன்சில் அறிவித்தது. மேலே அரசாங்கத்திடமிருந்து பணம் வரவில்லை என்றார்கள். அன்ரி இன்னும் பலரோடு சேர்ந்து ஒரு காலையில் நகர மண்டபத்தின் வாசலில் எதிர்ப்பு அட்டை பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவையும் வரச்சொல்லிக் கேட்டார். தனக்கு ஷிப்ட் இருக்கிறது என்றார் அப்பா. அவருக்குப் பெற்றோல் நிலையத்தில் மாலை வேலைதான் என்பது அன்ரிக்கு நன்றாகத் தெரியும். பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். டே சென்ரரைப் பூட்டினார்கள்.

அதற்குப் பிறகு அன்ரியின் குரல் கேட்கவில்லை. திட்டவும் அவருக்குச் சக்தி இல்லாமல் போயிற்று. அந்த அமைதியை முதலில் கவனித்தவர் அப்பாதான். “மனிசி சத்தமே போடுதில்லை” என்று அம்மாவிடம் இரண்டு மூன்று தடவை சொன்னார். ஒரு நாள் காலையில், அங்கிள் மேற்சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு, இனி வராத வானுக்காகத் தெருவோரத்தில் நிற்பதை அப்பா கண்டார். கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து தேத்தண்ணி கொடுத்தார். அதிலிருந்து, முன்பு வான் வந்துகொண்டிருந்த நாட்களிலெல்லாம் அங்கிள் எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

அங்கிள் அப்பாவைத் தன்னோடு ரயில் ஓட்டிய பழைய நண்பர் என்று நினைத்துக்கொண்டார். அந்த நண்பரின் பெயரால்தான் கூப்பிடுவார். அப்பா திருத்தவே இல்லை. “அந்தாளுக்கு நான் ஆராய் இருந்தால் என்ன?” என்று சிரிப்பார். இருவருமாக உருளைக்கிழங்கு உரிப்பார்கள், காரைக் கழுவுவார்கள். ஆனால் எல்லா நாளும் அப்படி இருக்கவில்லை. சில மதியங்களில் அங்கிள் எங்கிருக்கிறோம் என்று தெரியாமல் மிரண்டு அழுவார். ஒருமுறை அந்த மிரட்சியில் அப்பாவின் முகத்தில் அடித்துவிட்டார். மூக்குக்கண்ணாடி உடைந்தது. அதன்மேல் தானே தவறி உட்கார்ந்துவிட்டதாக அப்பா அன்ரியிடம் சொன்னார்.

அப்பா அங்கிளைப் பார்த்துக்கொள்ளும் செய்தி எப்படியோ கவுன்சிலுக்கு எட்டியது. ஒரு கவுன்சிலர் எங்கள் வீட்டுக்கு வந்தார், கூடவே கமராவோடு ஒரு பெண். கவுன்சில் வெளியிடும் இதழில், அயலாரை அயலார் பார்த்துக்கொள்ளும் அழகைப் பற்றி எழுதப் போகிறார்களாம். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அம்மா கொடுத்த வடையை ரசித்துச் சாப்பிட்டார். விடுமுறையில் நானும் வீட்டில் இருந்தேன். அன்ரியும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். அங்கிள் சோபாவில் அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“கட்டடம் மூடப்பட்டாலும் அன்பு மூடப்படவில்லை என்பதற்கு நீங்கள்தான் சாட்சி” என்றார் கவுன்சிலர். “ஒவ்வொரு தெருவிலும் உங்களைப்போல் ஒரு குடும்பம் இருந்தால் போதும்.”

கமராப் பெண் அப்பாவிடம், அங்கிளின் தோளைச் சுற்றிக் கையைப் போடச் சொன்னாள். அப்பா கையை உயர்த்தினார். பாதியில் நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய ஆங்கிலம் பெற்றோல் நிலையத்துக்குப் போதும், இதற்குப் போதாது. என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. ஒரு சொல்லும் குறைக்காதை. இவரை நான் பாக்கிறது எனக்கு இவரிலை விருப்பம் எண்டபடியாலை. ஆனா இது என்ர வேலையில்லை, இவையின்ர வேலை. இவர் பயந்து அழேக்கை என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியாது. நாளைக்கு இவர் விழுந்தால் என்னாலை தூக்க ஏலாது. அங்கை அதுக்கெண்டு படிச்ச ஆக்கள் இருந்தவை. அவையை அனுப்பிப்போட்டு, என்னைக் காட்டி எல்லாம் சரியெண்டு சொல்லப் போகினமோ?”

 ஒரு சொல்லும் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். கவுன்சிலரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லைபோல. தங்களுடைய கையிலும் பெரிதாக எதுவும் இல்லை என்று அவர் மெதுவாகத் தொடங்கினார். அதுவும் பொய்யாக இருந்திருக்காது. அப்பா அவரை முடிக்க விடவில்லை. நான் வாய் திறப்பதற்குள், தன் உடைந்த ஆங்கிலத்தில் தானே சொல்லிவிட்டார். என்னைப் படம் எடுக்க வேண்டாம், போய் அந்தப் பூட்டின கதவைப் படம் எடுங்கோ என்று.

அவர்கள் போன பிறகு அன்ரி அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எவ்வளவோ பேசக்கூடியவர், அன்று முதலில் அழுதார். பிறகு, “நான் அட்டை பிடித்து நின்றபோது நீங்களும் என் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்” என்று சொல்லிச் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

கதவு சாத்தியதும் அப்பா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். 

“பிள்ளை, எங்கட பாஸ்போட்டைப் பறிப்பாங்களோ? உன்ர படிப்புக்கு ஏதும் வருமோ?”

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. பல கிழமைகள், தெருவில் தெரியாத கார் வந்து நின்றால் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். ஒரு காலையில், கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர் திடீரென்று திரும்பி, “ஒண்டும் நடக்கேல்லை பிள்ளை” என்றார். எங்கோ பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டதுபோல இருந்தது அவருடைய முகம். அன்றே வெளியே போய், வேலியருகில் நின்று, குப்பை லொறியைப் பற்றி அன்ரியோடு சேர்ந்து திட்டினார். அவ்வளவு கெட்டித்தனமாக இல்லை, ஆனால் நன்றாகச் சத்தமாக.

டே சென்ரர் விடயத்திலும் ஒன்றும் நடக்கவில்லை. “ஒண்டும் நடக்கேல்லை” என்ற அதே சொற்களை அப்பா அடுத்த வருடம், அங்கிளின் இறுதிச் சடங்குக்குப் போய்வந்த அன்றும் சொன்னார். அப்போது அவருடைய குரல் வேறு. பேசியதற்காக ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் நாட்டிலிருந்து வந்தவருக்கு, பேசியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அப்படியே இருந்துவிடும் நாடு பழகுவதற்கு நாள் எடுத்தது. இந்த ஊர்க்காரரின் சலிப்பு எனக்கு அன்றிலிருந்துதான் விளங்கத் தொடங்கியது. கடையில், ரயில் மேடையில், டாக்டரின் காத்திருப்பு அறையில் அவர்கள் முணுமுணுப்பதைக் குறைசொல்லும் பழக்கம் என்று நினைத்திருந்தேன். தங்களுடையது என்று நம்பிய ஒன்று கண்ணெதிரே கரைந்து போவதைப் பார்ப்பவர்களின் குரல் அது.

இப்போது அன்ரி கடற்கரையூர் ஒன்றில் மகளோடு இருக்கிறார். டே சென்ரர் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. அப்பா முழங்கால் சத்திரசிகிச்சைக்காக நீண்ட காலமாகக் காத்திருக்கிறார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கவுன்சிலர்கள் நூலகத்தில் வந்திருந்து குறை கேட்பார்கள். அப்பா பொல்லை ஊன்றிக்கொண்டு தவறாமல் போவார். ஆனால் தன் முழங்காலைப் பற்றி அங்கே ஒருநாளும் கேட்டதில்லை. போன மாதம் நானும் கூடப் போனேன். பஸ் தரிப்பிடத்தில் ஆட்கள் உட்காரும் வாங்கை ஏன் கழற்றினீர்கள், வயதானவர்கள் எங்கே இருப்பது என்று கேட்டார். பார்க்கிறோம் என்றாள் இளம் கவுன்சிலர். போன முறையும் அதைத்தான் சொன்னீர்கள் என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே, இப்போது தெளிவான ஆங்கிலத்தில்.

வெளியே வரிசையில் ஒரு தமிழ்ப் பெண் குழந்தையோடு நின்றாள். ஊரிலிருந்து வந்து அதிக காலம் இல்லையாம். அவளுடைய பிளாட்டின் சுவரெல்லாம் ஈரம் ஊறிப் பூஞ்சணம், குழந்தைக்கு இருமல் நிற்பதில்லை. திறந்த கதவு வழியே எல்லாவற்றையும் கேட்டிருந்தவள், அப்பாவை மறித்து மெல்லிய குரலில் கேட்டாள்.

“ஐயா, இவையோடை இப்பிடிக் கதைக்கலாமே? பிரச்சினை ஒண்டும் வராதோ?”

அப்பா பொல்லைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“பிரச்சினை வராது பிள்ளை. பதில் வரத்தான் சுணங்கும். நீ உள்ளை போய்க் கதை” என்று சொல்லிவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு அந்த வாசலிலேயே இருந்தார்.