தேவகனிக்குப் பேச்சு வந்த விதம்

வடசேரி சந்தையில் தேவகனி காய் விலை கூவினால் பேச்சிப்பாறை அணையில் அலை எழும்பும். அந்த வாயைப் பக்கவாதம் கட்டிப்போட்டது. மூளையின் இடப்பக்கத்தில் பேச்சுக்கான இடம் கெட்டுவிட்டது, பாட்டுக்கு வலப்பக்கமும் கைகொடுக்கும் என்றார் டாக்டர். உண்மைதான். தண்ணீர் கேட்க முடியாதவள் ஞாயிறு ஆராதனையில் முழுப் பாட்டையும் பாடினாள்.

மகள் ஜாஸ்மி, டியூஷனுக்கு லீவு என்று புளுகிவிட்டு, தினமும் அந்தப் பாட்டின் ராகத்தில் வம்பு வார்த்தைகளைக் கோத்து அம்மாவிடம் பாடினாள்: “போதகர் பிரசங்கம் முடியல்லியே, வீட்டுல மீன்கறி ஆறுதே!”

அம்மா சிரிப்பாள், சொந்தமாக ஒரு வார்த்தை வராது. இனி வரவே வராதோ என்று ஜாஸ்மிக்குப் பயம்.

பதினேழாம் நாள் தேவகனி அதே ராகத்தில் இழுத்தாள்: “ஏட்டி ஜாஸ்மி, டியூஷன் டீச்சர் வந்தாவ... எத்தன நாளா போகல்ல மக்கா?”

மாட்டிக்கொண்ட ஜாஸ்மி, “இன்னொருக்கா திட்டும்மா,” என்றாள்.