ஐந்தாவது ஃபவுல்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளின் பாஸ்கெட்பால் ஆட்டங்களுக்கு ரெஃப்ரியாகப் போய்விடுவேன். வாரமெல்லாம் மரியாதையாகப் பருப்பு வாங்கிப்போகிறவர்கள், அன்றைக்குக் கோட்டுக்கு வெளியே நின்று என் கண்பார்வையைச் சந்தேகிப்பார்கள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர், எதிரணி வளையத்துக்கு அடியில் மூன்று செகண்டுக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதியை மட்டும் எங்கேயோ கேட்டு வைத்திருந்தார். பந்து வேலி தாண்டிக் காப்பிச் செடிக்குள் கிடக்கும்போதும் "மூணு செகண்டு! மூணு செகண்டு!" என்று கத்துவார். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். வாயில் விசில் இருந்ததால் பல சண்டைகள் நடக்காமல் போயின.

என் மகள் எங்கள் ஊர் அணியில் சேர்ந்தபோதுதான் வந்தது வினை. மைதானத்தில் அத்தா கிடையாது, சார்தான் என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். சொந்தப் பிள்ளைக்குச் சாதகமாக ஊதுகிறான் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே. மற்ற பிள்ளைகள் இடித்தால்கூடச் சில நேரம் பார்த்தும் பாராமல் விடுவேன். இவள் லேசாக உரசினாலே ஊதிவிடுவேன். அந்தக் காலத்தில் ஃபவுல் செய்தவர் கையைத் தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும். அவளும் முகம் சுளிக்காமல் தூக்குவாள். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போக வேண்டியதுதான். நான் ஊதிய ஒரு ஆட்டத்திலும் அவள் கடைசி வரை ஆடியதில்லை. "ஒரு மேட்சாவது முழுசா ஆடணும்மா" என்று அவள் தன் அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அப்போதும் நான் திருந்தவில்லை. நேர்மையாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கரடியூர் அணியோடு ஆட்டம். இன்னும் இரண்டு நிமிடம்தான் பாக்கி. அவளுக்கு அதற்குள் நான்கு ஃபவுல். பனி இறங்கி சிமெண்டுத் தரை நனைந்திருந்தது. பந்தோடு ஓடிவந்த கரடியூர்ப் பெண் இவள் எதிரில் தடாலென்று விழுந்தாள். நான் ஊதிவிட்டேன்.

வளையத்துக்குப் பின்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்து நின்றாள். விழுந்த பெண்ணின் தாய்.

"ஏனுங்க சார்! அந்தப் புள்ள தொடவே இல்லீங்க. எம்மவ ஈரத்துல தானா வழுக்கி உழுந்தாளுங்க. பாவமுங்க, நீங்க எப்பவும் அந்தப் புள்ளைக்கே நொம்ப ஊதறீங்க!"

திரும்பிப் பார்த்தால், என் மகள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் போனேன்.

"நீ தொட்டியா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் கையத் தூக்குன?"

"எப்படியும் ஊதுவீங்கன்னுதான் சார்."

வெட்கமாக இருந்தது. அந்தக் கையைப் பிடித்து நானே கீழே இறக்கிவிட்டேன். ஸ்கோர் எழுதுகிறவரிடம் ஃபவுல் இல்லை என்று சைகை காட்டி, இரண்டு அணிக்கும் நடுவில் பந்தை மேலே எறிந்து ஜம்ப் பால் போட்டேன். ரைட்டர் மட்டும் "மூணு செகண்டு!" என்றார்.

இரண்டு பாயிண்டில் எங்கள் ஊர் தோற்றது. கடைசி விசில் ஊதி முடிப்பதற்குள் அவள் என்னை நோக்கி ஓடிவந்தாள்.

"அத்தா, முழுசா ஆடிட்டேன்!"

நடு மைதானம், அத்தனை பேரும் பார்க்கிறார்கள். சார் என்று திருத்த எனக்கு வாய் வரவில்லை.