பத்தாய அறைக்குப் போன புகைக்குழாய்

"உங்க வெந்நீருக்கு இனிமே அடுப்பு ஊத என்னால ஆகாது" என்று ஒரு மார்கழியில் மனைவி சொல்லிவிட்டாள். எனக்கோ முழங்கால் வலி. தஞ்சாவூருக்குப் பஸ் ஏறி, கடை கடையாக அலைந்து, கேஸில் எரியும் கீசர் ஒன்றை வாங்கி வந்தேன். கரண்டு கீசர் வாங்க நான் என்ன முட்டாளா? எங்கள் ஊரில் கரண்டு இருந்தால்தான் செய்தி.

மாட்ட வந்த ஃபிட்டர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "சார், புகைக்குழாய் வெளிய போயே ஆகணும். உள்ள நின்னா கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, ஆளையே சாய்ச்சிடும். மேல விட்டா மழைக்குத் தளம் ஒழுகும். இந்தப் பக்கச் சுவர்ல விடலாம். புகை பக்கத்து வீட்டுப் பக்கம் போகும், அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

அங்கேதான் வந்தது வினை. பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்து, குத்தகைக்காரரை வெளியேற்ற முடியாதபடி சட்டம் வந்து, குத்தகைப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியதிலிருந்து அவர்மேல் வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் எனக்கு அவர் 'அவன்'தான். என் அப்பாவைக் கண்டால் அவருடைய அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவார். இவரோ தோளில் துண்டோடு நின்று, "நல்லா இருக்கீங்களா?" என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்தத் துண்டையும் மனுவில் சேர்க்கச் சொன்னேன். வக்கீல் சிரித்துவிட்டு அந்த வரியை அடித்துவிட்டார்.

அவனிடம் போய் நான் கேட்பதா? "குழாயைப் பத்தாய அறைக்குள்ள விடுங்க" என்றேன். குளியலறையை ஒட்டி நெல் கொட்டும் அறை. நிலம் போனபின் காலி. நெல்தான் இல்லை, புகையாவது இருக்கட்டும் என்று பேச்சு வேறு.

"ஏங்க, வெந்நீருக்குமா வீம்பு?" என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு." எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

ஃபிட்டர் தலையில் அடித்துக்கொண்டு, ஜன்னலையாவது திறந்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் காலை, பனிக்குப் பயந்து ஜன்னலை இறுகச் சாத்திவிட்டு, வெந்நீர் சுகத்தில் பாட்டு வேறு பாடினேன். இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை எட்டாது என்பது, அந்த வீட்டிலேயே பிறந்த எனக்கு நினைவில்லை. தலை கனத்தது. அப்புறம் ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது வாசலில் கிடந்தேன். மனைவி அழுதுகொண்டிருந்தாள். பாட்டு சட்டென்று நின்றதும் அவள் போட்ட கூச்சலில் வேலி தாண்டி ஓடிவந்து, கதவை உடைத்து, என்னைத் தூக்கி வந்த பக்கத்து வீட்டுக்காரர் விசிறிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பாதித் தெரு. ஐயையோ, குளிக்கப் போனவன் எந்தக் கோலத்தில் கிடக்கிறேனோ! பதறித் தடவிப் பார்த்தேன். இடுப்பில் ஒரு துண்டு. அவர் தோளைப் பார்த்தேன். தோளில் ஒன்றும் இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே செவுத்துல ஓட்டை போட்டுக் குடுத்திருப்பேனே" என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் துண்டைத் துவைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல, "நல்லா இருக்கீங்களா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் அன்றுதான் வாயைத் திறந்து பதில் சொன்னேன்.

"இருக்கேங்க."