வெள்ளிக்கிழமையில் வந்த கறிவாசம்

இஞ்சியும் பூண்டும் சோம்பும் எண்ணெயில் வதங்கி, ஆட்டுக்கறிக் குழம்புக்கே உரிய வாசம் தவக்காலத்து வெள்ளிக்கிழமையன்று எங்கள் அடுப்படியிலிருந்து வந்தபோது, எனக்கு நாக்கில் எச்சில் ஊறியதைவிடப் பயம்தான் அதிகம்.

பிள்ளைகளே, எண்பதுகளில் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஞாயிறு பூசை முடிந்தால் வீட்டுக்கு வீடு கறி கொதிக்கும். ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த என் அப்பாவுக்குக் கறி இல்லாத ஞாயிறு ஞாயிறே இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கறி தொடாத "சுத்தபோசனம்" எங்கள் தெருவில் எல்லோருக்கும் உண்டு. அந்த வருடம் என் தங்கை செலின் டைபாய்டு காய்ச்சலில் புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்ததால், ஈஸ்டர் வரைக்கும் ஒருநாளும் கறி தொடுவதில்லை என்று அப்பா மாதாவுக்கு நேர்ந்துகொண்டார்.

சோறு இறங்காமல் அவர் இளைப்பதைப் பார்க்கச் சகிக்காத அம்மா, கடைக்குப் புதிதாக வந்திருந்த "மீல்மேக்கர்" பாக்கெட்டை வாங்கி, அந்தச் சோயா உருண்டைகளை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, கறிமசாலாவையே அரைத்துப் போட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டு அந்தோணி மாமா சுவருக்கு அப்பாலிருந்து, "என்ன மச்சான், வெள்ளிக்கிழமையும் வேட்டையா? சாமியார்கிட்ட சொல்லிடவா?" என்று சிரித்தார்.

"செடியில காய்க்கிறதுதாங்க, பருப்பு மாதிரி," என்று அம்மா அப்பாவிடம் கெஞ்ச, அவர் ஒன்றை மென்றார். இன்னொன்றையும் மென்றார். மூன்றாவதை எடுத்த கை பாதியில் நின்றது.

"கறி மாதிரியே இருக்கே, ரோஸி."

"மாதிரிதானே? கறி இல்லையே. சாப்பிடுங்க."

"என் வாய்க்கே வித்தியாசம் தெரியல. மாதா ஏத்துக்குவாங்களா?"

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தவர் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். "புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" என்று முணுமுணுத்தவர், கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புத்தூர்வரை மிதித்தார்.

வார்டில், துணைக்கு இருந்த சித்தி நீட்டிய கஞ்சிக்கு வாயை இறுக மூடிக்கொண்டு செலின் படுத்திருந்தாள். அப்பா அவள் நெற்றியைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார், மறுபடி நெற்றியைத் தொட்டார். அவள் அந்தக் கையை மோந்து பார்த்து, "கறிக்குழம்பா? எனக்கு எங்க, அப்பா?" என்றாள். காய்ச்சல் கண்டதிலிருந்து எதையும் கேட்காத பிள்ளை கேட்டதும், அப்பா வார்டு நடுவிலேயே அழுதுவிட்டார்.

செலின் தேறிவிட்டாள். ஆனாலும் ஈஸ்டர்வரை அவர் அந்த உருண்டையைத் தொடவில்லை. "மாதா ஒருதடவை மன்னிச்சு விட்டுட்டாங்க. மறுபடி சோதிக்கக் கூடாது," என்பார்.

இன்று அது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, நீங்களும் தட்டோரம் ஒதுக்கி வைக்கிறீர்கள். ஒரு வாய் ருசித்துவிட்டதற்காகப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்க ஓடும் அப்பாக்களைத்தான் காணோம். நானும் உங்களுக்காக அப்படி ஓடியதில்லை.