சுண்ணாம்பு ஊறிய ஒன்பது நாள்

சித்திரபுரம் பக்கத்து மலையில் வளர்ந்தவள் நான். பாலக்காட்டுக்குக் கிழக்கே ஓவர்சியராக வந்த பிறகுதான் கரிசல் மண் என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டேன். மழையில் உப்பி வழுக்கும். வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். போட்ட தார் இரண்டு மழைக்குள் அலையலையாக நெளிந்துவிடும். அதனால் தோட்டத்து வீடுகளுக்குப் போகும் கிளைச் சாலை ஒன்றில் மண்ணோடு சுண்ணாம்புத் தூளைக் கலந்து கெட்டிப்படுத்த முடிவானது.

கலந்து தண்ணீர் தெளித்து, இரண்டு நாள் ஊறவிட்டு, மறுபடி உழுது ரோலர் ஓட்ட வேண்டும். பிறகு ஒரு வாரம் ஈரம் காயக் கூடாது. ஆக ஒன்பது நாள் எந்த வண்டியும் ஏற முடியாது.

தூளைப் பரப்பி முடித்த நேரத்தில், கடைசி வீட்டிலிருந்து ஓர் அம்மா வேகமாக நடந்து வந்தார்.

"ஏனுங்க மேடம், எங்கூட்டுக்காரருக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸுங்க. ஆட்டோ வரலீன்னா அவிய எப்படிங்க போவாங்க?"

அந்தச் சாலையை அளக்க இரண்டு முறை நடந்திருக்கிறேன். ஒரு வீட்டிலும் ஏறிக் கேட்கவில்லை. இப்போதெல்லாம் வேலை தொடங்கும் முன் வீடு வீடாகப் போய்க் கேட்கிறேன். அன்று கேட்கத் தோன்றவில்லை.

மண்ணை உழ வந்த டிராக்டரை ஓட்டுபவர்தான் சொன்னார்: "தென்னந்தோப்பு வரப்பு வழியா மெயின் ரோட்டுக்குத் தூக்கீட்டுப் போயிரலாமுங்க."

ஒரு நாற்காலியில் இரண்டு மூங்கிலைக் கட்டி நாலு பேர் தூக்கினார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மெயின் ரோட்டில் ஆட்டோவில் ஏறும் வரை துண்டை எடுக்கவில்லை.

இரண்டாம் முறை போகும்போது அவரே நாற்காலியை நிறுத்தச் சொன்னார். வரப்பு சாலையைத் தொடும் இடத்தில் குனிந்து, சுண்ணாம்பு கலந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து அழுத்தினார். அது ஒட்டாமல் பொலபொலவென்று உதிர்ந்தது.

"நாப்பது வருசம் இந்த மண்ணோட மல்லுக்கட்டியிருக்கறனுங்க. ஒரு நாளும் இப்படிச் சொன்னபடி கேட்டதில்ல."

"சுண்ணாம்புங்க, கை எரியும்," என்று சொல்லி என் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டேன். ஊசி போட்டுப் போட்டு அவர் முன்கையில் நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது. கழுவி முடியும் வரை கையை என்னிடமே விட்டிருந்தார். அதன்பின் அவர் முகத்தை மூடவில்லை.

அந்த ஒன்பது நாளில் நான்கு முறை தூக்கினோம்.

அடுத்த மழைக்காலத்தில் வழியில் இருந்த சிறு பாலத்தருகே ஓரிடத்தில் மட்டும் சாலை இறங்கியது. அதைத் தோண்டி மறுபடி செய்தோம். மற்ற இடமெல்லாம் நின்றது. ஆட்டோ அவர் வாசல் வரை போய் வந்தது.

கோடைக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். துக்கம் கேட்கப் போனபோது அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இந்த வருச மழையில ஒரு நாள்கூட ஆஸ்பத்திரி தப்பலீங்க," என்றார். நான் வெகுநேரம் அங்கேயே இருந்தேன்.