கொப்பரை அட்டி சரிந்த மத்தியானம்

வெள்ளகோவிலில் அந்த டாக்டருக்கு இடம் கொடுத்தவன் நான். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன், கொப்பரைக் களமும் எண்ணெய் ஆலையும் வைத்துக் கடைவீதியில் கட்டிடமும் கட்டினேன். அதில் கீழ்த்தளத்தை அவருக்கு விட்டேன். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிகள் கூப்பிட்டும் போகாமல் எங்கள் ஊருக்கு வந்தவர். பட்டாளத்து டாக்டர். மலைமேல் சண்டை நடந்தபோது பனிக்குள் கூடாரம் போட்டு, குண்டடிபட்டு வந்தவர்களைப் பார்த்தவர். நான் எவ்வளவு கிளறினாலும் குளிர் ஜாஸ்தி என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அவரிடம் டோக்கன் கிடையாது. அடிக்கடி வராந்தாவுக்கு வந்து எல்லோர் முகத்தையும் பார்ப்பார். யாரைக் கைகாட்டுகிறாரோ அவர்தான் அடுத்து உள்ளே. ஊர்ப் பெரிய மனுஷர்களுக்கு இதில் வருத்தம். எனக்கில்லை. நான் நோயாளியாக அங்கே போனதே இல்லை; என் உடம்பு அப்படி.

அன்று மத்தியானம் கிடங்கில் கொப்பரை மூட்டைகளை அடுக்கியிருந்த அட்டி சரிந்து இரண்டு பேர்மேல் விழுந்தது. ஒருவன் என் மனைவியின் தம்பி, ஆலையில் கூட்டாளி. இன்னொருவன் என்னிடம் பல வருஷமாக மூட்டை தூக்குகிறவன். மச்சினனுக்கு முழங்காலுக்குக் கீழே கால் கோணிப்போயிருந்தது. அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து ஆலையே ஓடிவந்தது. மூட்டைக்காரன் தானே எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டான். காரில் மச்சினனின் காலை மடியில் ஏந்திக்கொண்டு வந்ததும் அவன்தான்.

டாக்டர் வராந்தாவுக்கு வந்தார். மச்சினனின் பாதத்தைத் தொட்டு, விரலை அசைக்கச் சொல்லிப் பார்த்தார். கட்டை வைத்துக் கட்டி ஊசி போடும்படி நர்ஸிடம் சொல்லிவிட்டு, தூணோரம் நின்ற மூட்டைக்காரனிடம் போய் நாடியைப் பிடித்தார். அவன் உதடு வெளுத்திருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏனுங்க டாக்டர், அடிபட்டவன் இங்க கெடக்கறானுங்க."

"அவருக்குக் கத்தறதுக்கு மூச்சு இருக்குதுங்க. கொஞ்சம் பொறுக்கட்டும்."

எங்கே வலி என்று மூட்டைக்காரனிடம் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லீங்க. மொதல்ல அவிங்களப் பாருங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க வெளிய போங்க."

"நானுங்களா?"

"நீங்க நிக்கறவரைக்கும் இவரு உக்காரவும் மாட்டாரு, வலிக்குதுன்னு சொல்லவும் மாட்டாரு."

என் கட்டிடத்திலிருந்து என்னையே வெளியே போகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். வேறு யாராவது சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு. ஆனால் நானும் மூட்டை தூக்கி வந்தவன்தான். முதலாளி முன்னால் விரல் நசுங்கியபோது சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தெருவில் இறங்கினேன்.

நான் போனபிறகே அவன் வாய் திறந்திருக்கிறான். இடது விலாவில் வலி, தோள்பட்டை வரைக்கும் இழுக்கிறது, கண் இருட்டுகிறது என்றானாம். டாக்டர் வெளியே வந்தார். மண்ணீரல் கிழிந்திருக்கும், வயிற்றுக்குள் ரத்தம் இறங்குகிறது, ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தால் ஆள் தங்கமாட்டான், உங்கள் காரை எடுங்கள் என்றார். ஈரோட்டில் ஒரு சர்ஜனுக்குச் சொல்லியாகிவிட்டதாம்.

முத்தூர் தாண்டும்போது மனைவி போனில் வந்தாள். "எந்தம்பிய அங்க துடிக்க உட்டுப்போட்டு யாரைக் கூட்டிட்டுப் போறீங்க?" போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பின்சீட்டில் டாக்டர் ஒரு கையில் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, மறுகையால் அவன் நாடியை விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். பிள்ளைகள் எத்தனை, குலதெய்வம் எந்த ஊர், மாடு கன்று உண்டா. அவனும் முனகலாகப் பதில் சொன்னான். மொடக்குறிச்சியில் ஒரு டிப்பர் லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பியது. அங்கே நின்ற நேரத்தில் அவன் பதில் நின்றுபோனது.

"கண்ணு, முழிச்சுக்க. என்னையப் பாரு. பாருன்னு சொல்றேனல்ல."

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. ரோட்டை விட்டு மண்ணில் இறக்கி, லாரிக்கும் வேலிக்கும் நடுவில் காரை விட்டேன். ஒரு பக்கம் முழுக்கக் கீறிக்கொண்டு போனது. அந்த இடைவெளியில் கார் விட இந்த ஜில்லாவில் வேறு ஆள் இல்லை.

ஆபரேஷன் அறைக்கு வெளியே டாக்டர் உட்காரவில்லை. சர்ஜன் வந்து, மண்ணீரலை எடுத்தாகிவிட்டது, உயிருக்குப் பயமில்லை என்ற பிறகுதான் தண்ணீர் குடித்தார். நான் எப்படி ஓட்டினேன் என்று கேட்டேன். "கவனிக்கலீங்க, நான் அவரைத்தான பாத்துட்டிருந்தேன்" என்றார்.

வெள்ளகோவில் திரும்பி வந்தபோது, என் மனைவி அழைத்தும் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மச்சினன் அங்கேயே படுத்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"மச்சா, அவன் இருக்கறானா?"

"இருக்கறான்."

"நான் கத்தாம இருந்திருந்தா அவனை மொதல்லயே பாத்திருப்போம்" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

டாக்டர் கை கழுவிவிட்டு வந்து, எலும்பை நேராக்க அவன் காலைப் பிடித்தார். "இப்பக் கத்துங்க, பரவால்ல" என்றார். அவன் கத்தியது கடைவீதி கடைசி வரை கேட்டது.